சுண்ணாம்பும் தனிம வகைப்பாடும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் நிலத்தில் உழுகிறவர்களுக்குச் சுக்கான்கல் பழக்கமானது. பந்தல்குடியில் அதே இனத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சிமென்டுக்காக வெட்டியெடுக்கிறார்கள். இரண்டிலும் முதன்மையாக இருப்பது கால்சியம் கார்பனேட். தனிமங்களை இனம் பிரித்த வரலாற்றை இந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

காளவாசலில் சுட்டெடுத்த கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் உஸ்ஸென்று சீறும், ஆவி பறக்கும், கல் வெடித்து, உப்பி, வெள்ளை மாவாக உதிரும். இப்படி நீற்றிய சுண்ணாம்பைத்தான் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே தடவுகிறார்கள். ஆனால், சுட்ட சுண்ணாம்பை எவ்வளவு சுட்டாலும் அது மேற்கொண்டு பிரிவதில்லை. பிரிக்க முடியாததே தனிமம் என்று வரையறுத்த பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், 1789-ல் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் சுண்ணாம்பையும் 'மண்கள்' என்ற பிரிவில் வைத்தார். அதுவும் ஓர் ஆக்சைடாக இருக்கக்கூடும் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. நம் சித்த மருத்துவமும் தாதுப் பொருள்களை உலோகம், பாடாணம், உபரசம், காரசாரம் என்று பிரித்து வைத்திருந்தது. அது மருந்து செய்முறைக்கான பகுப்பு, தனிமத்தைத் தேடியது அல்ல.

லவாய்சியரின் ஐயத்தை 1808-ல் லண்டனில் ஹம்ப்ரி டேவி தீர்த்துவைத்தார். நெருப்புக்குப் பிரியாத சுண்ணாம்பு மின்சாரத்துக்குப் பிரிந்தது, கால்சியம் கிடைத்தது. ஸ்ட்ரான்சியத்தையும் பேரியத்தையும் அதே ஆண்டில் அவர் பிரித்தெடுத்தார்.

இம்மூன்றும் ஒரே குடும்பம் என்று கண்டவர் ஜெர்மனியின் டாபர்னீர். கால்சியத்தின் அணு நிறை 40, பேரியத்தின் அணு நிறை 137. இரண்டின் சராசரி ஏறத்தாழ 88.5. நடுவில் உள்ள ஸ்ட்ரான்சியத்தின் அணு நிறை 87.6. குணத்திலும் அது நடுவில்தான் நிற்கிறது. இத்தகைய மும்மைகள் பற்றிய கட்டுரையை அவர் 1829-ல் வெளியிட்டார். எல்லாத் தனிமங்களுக்கும் பொருந்தவில்லை என்று பாடநூல்கள் மும்மை விதியைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. அது நியாயமாகாது. எடைக்கும் குணத்துக்கும் கணக்குத் தொடர்பு உண்டு என்பதை முதலில் காட்டியது இந்தச் சுண்ணாம்புக் குடும்பம்தான்.

இந்தக் கணக்கை எல்லாத் தனிமங்களுக்கும் விரிக்கத் தடையாக இருந்தது எடைக் குழப்பம். கால்சியத்துக்குச் சிலர் 20 என்றும் சிலர் 40 என்றும் எழுதினார்கள். 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் இத்தாலியரான கனிசாரோ முன்வைத்த முறையால் அது தெளிந்தது. பிறகு வேலை வேகம் பிடித்தது: 1865-ல் வேதியியலாளர் நியூலாந்தின் எண்ம விதி, 1869-ல் மெண்டலீவின் அட்டவணை. மெண்டலீவ் கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டியதற்கு 'ஏக' என்ற சமஸ்கிருதச் சொல்லைச் சேர்த்து 'ஏக-போரான்' என்று பெயரிட்டார். அணு நிறை 44 என்றும் கணித்தார். 1879-ல் சுவீடனின் நில்சன் ஸ்காண்டியத்தைக் கண்டுபிடித்தார். அதன் அணு நிறை 45.

கால்சியத்துக்கு முந்திய இரண்டு இடங்களில் ஒரு முரண் இருந்தது. எடைப்படி பார்த்தால் பொட்டாசியம் முன்னும் ஆர்கான் பின்னும் வரவேண்டும். குணப்படி பார்த்தால் நேர்மாறு. 1913-ல் மோஸ்லி எக்ஸ் கதிர்களால் அணு எண்ணை அளந்தபோது, வரிசைக்கு அடிப்படை எடை அல்ல என்பது தெரிந்தது. ஆர்கான் 18, பொட்டாசியம் 19, கால்சியம் 20. இன்று கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் மூன்றும் இரண்டாம் தொகுதியில், காரமண் உலோகங்கள் என்ற பெயரில், ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. பேரியத்துக்குக் கீழே, 1898-ல் க்யூரி தம்பதியர் கண்ட ரேடியம். அவர்கள் தாதுவைப் பிரித்தபோது அது பேரியத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது, உறவு அவ்வளவு நெருக்கம். மத்தாப்பில் சிவப்பு தருவது ஸ்ட்ரான்சியம், பச்சை தருவது பேரியம்.

அட்டவணையின் கடைசி வரிசை நிறைந்ததிலும் கால்சியத்துக்குப் பங்குண்டு. ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்தில் கலிபோர்னியத்தின் மேல் கால்சியம்-48 அணுக்கருக்களை மோதவிட்டு 118-ஆம் தனிமத்தை உண்டாக்கினார்கள்: 98-உம் 20-உம் சேர்ந்தால் 118. அதற்கு 2016-ல் ஒகனெசான் என்று பெயர் சூட்டப்பட்டது. கால்சியம்-48 இயற்கையில் கிடைப்பதுதான். சுக்கான்கல்லிலும் ஆயிரம் கால்சியம் அணுக்களில் ஏறத்தாழ இரண்டு அந்த வகை.