எவர் கையிலும் கட்டப்பட வேண்டிய நிரல்

ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுவோர் ஒரு நாளில் பலமுறை இரண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்கின்றனர். ‘என்பிஎம் ரன் பில்ட்’ என்பது நிரலைக் கட்டச் சொல்கிறது; ‘என்பிஎம் டெஸ்ட்’ என்பது அதனைச் சோதிக்கச் சொல்கிறது. புனேயின் ஹிஞ்சவடியில் உள்ள மென்பொருள் அலுவலகங்களில் இவை அன்றாட வழக்கு. இவ்விரு சொற்களுக்கும் பின்னால் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. ஒருவர் எழுதிய நிரலை, அவர் உடனில்லாத இடத்தில், அவர் கண்டறியாத கணினியில், வேறொருவர் பிழையின்றிக் கட்டியெழுப்ப இயலுமா?

இக்கேள்விக்குக் கிடைத்த தொடக்கக்கால விடைகளுள் ஒன்றில் புனேக்கும் ஓர் உறவுண்டு. 1970களில் சூரிச் நகரின் ஈடிஎச் நிறுவனத்தில், நிக்லவுஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் மொழிக்கு ‘பாஸ்கல்-பி’ என்னும் கம்பைலர் உருவாயிற்று. அதன் செயலாக்கக் குறிப்புகளை எழுதிய ஐவருள் முதற்பெயர் கே. வி. நோரியுடையது. 1981இல் புனேயில் நிறுவப்பட்ட டாடா ஆராய்ச்சி, மேம்பாடு, வடிவமைப்பு மையத்தில் அவர் பிற்காலத்தில் மென்பொருள் ஆய்வில் ஈடுபட்டார்.

பாஸ்கல்-பியின் உத்தி எளிமையானது. கம்பைலர் எந்த ஓர் உண்மைக் கணினிக்கும் நேரடியாக மொழிபெயர்ப்பதில்லை. கற்பனைக் கணினி ஒன்றின் ‘பி-குறி’க்கு மொழிபெயர்க்கும். பாஸ்கலிலேயே எழுதப்பட்ட கம்பைலரின் மூலநிரலும் அதன் பி-குறி வடிவமும் சேர்ந்தே அனுப்பப்பட்டன. பெறுவோர் தம் கணினியில் பி-குறியை இயக்கும் சிறு நிரலொன்றை எழுதினால் போதும். பின்பு கம்பைலரிடம் அதன் மூலநிரலையே கொடுத்து மொழிபெயர்க்கச் செய்யலாம். விளைந்த பி-குறி, வந்த பி-குறியோடு ஒத்திருந்தால் கட்டுமானம் சரி. கட்டுவதே சோதனையாகவும் அமைந்த நிலை இது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. ஸ்டீவ் ஜான்சன் ஒரு நிரலில் பிழை தேடிக் காலைப்பொழுதை வீணடித்தார். பிழை முன்னரே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் செய்யப்படாததே குறை. இதனைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் ‘மேக்’ என்னும் கருவியை எழுதினார். எது எதனைச் சார்ந்தது என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட்டால், கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மேக் மீண்டும் கட்டும். ஒருவர் மனத்தில் வைத்திருந்த வரிசைமுறை அதன்வழி எழுத்தாயிற்று.

1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டுக்கு இவை எதுவும் தொடக்கத்தில் தேவைப்படவில்லை. மூலநிரலையே உலாவி படித்து இயக்கியது. 2009இல் நோட்.ஜேஎஸ் வந்து, உலாவிக்கு வெளியிலும் அம்மொழி இயங்கலாயிற்று. 2010இல் வந்த என்பிஎம், பிறர் எழுதிய நிரல்தொகுப்புகளைப் பெறுவதை ஒரு வரிக் கட்டளையாக்கியது. தொடர்ந்து கிரண்ட், கல்ப், வெப்பேக் போன்ற கட்டுமானக் கருவிகள் தோன்றின. 2015இல் மொழியின் இலக்கணம் விரிந்தபோது, புதிய வழக்கில் எழுதியதைப் பழைய உலாவிகளுக்குப் புரியும் வழக்காகப் பெயர்க்கும் பணியை பேபல் ஏற்றது. கட்டுமானம் தேவையற்றிருந்த மொழிக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.

இங்கு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மேக் கோப்பில் எழுதப்பட்ட சார்புகள் பெரும்பாலும் ஒரே குழுவின் கோப்புகள். என்பிஎம் சார்புகளோ உலகெங்குமுள்ள அறிமுகமற்றோரின் ஆக்கங்கள். அவையும் வேறு பலரைச் சார்ந்தவை. 2016 மார்ச்சில், ‘லெஃப்ட்-பேட்’ என்னும் 11 வரித் தொகுப்பை, பெயருரிமைப் பூசல் ஒன்றையடுத்து, அதன் ஆசிரியர் நீக்கினார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை இடைவெளியால் நிரப்புவதே அதன் வேலை. அது மறைந்ததும் பேபல் உள்ளிட்ட எண்ணற்ற திட்டங்களின் கட்டுமானம் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான யார்ன், 2017இல் என்பிஎம்மின் ஐந்தாம் பதிப்பு ஆகியவற்றின் வழியாகப் பூட்டுக்கோப்பு பரவலாயிற்று. ஒவ்வொரு சார்பின் துல்லியமான பதிப்பையும் அதன் கணித முத்திரையையும் அது பதிவு செய்கிறது. நேற்றுக் கட்டியதையே இன்றும் கட்டலாம் என்னும் உறுதி இதனால் கிடைத்தது.

ஆயினும் ஒன்று மிஞ்சியது. கென் தாம்சன் 1984இல் வெளியான தமது டூரிங் உரையில், தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் கம்பைலருள் வஞ்சகம் ஒளிந்திருக்க இயலும் என்று காட்டினார். மூலநிரலில் அதன் சுவடே இராது. ஆயினும் ஒவ்வொரு கட்டுமானத்திலும் அது மீண்டும் பிறக்கும். அத்தகைய கம்பைலர் பாஸ்கல்-பியின் ஒப்பீட்டுச் சோதனையிலும் தேறிவிடும். வந்ததும் விளைந்ததும் ஒத்திருக்குமே!

2018இல் ‘ஈவன்ட்-ஸ்ட்ரீம்’ என்னும் தொகுப்பின் சார்பொன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. பொதுவில் வைக்கப்பட்ட மூலநிரலில் அது இல்லை. என்பிஎம்மில் வெளியிட்ட வடிவில் மட்டுமே இருந்தது. ஒரு குறிப்பிட்ட பிட்காயின் பணப்பைச் செயலி கட்டப்படும்போது மட்டுமே அது விழித்தது. மற்ற எல்லோருடைய கட்டுமானமும் சோதனைகளும் வழக்கம்போல் வெற்றி என்றே அறிவித்திருக்கும். கட்டளை வரியில் வெற்றியின் குறி சுழியம். சோதிக்கச் சொன்னவை தேறின என்பதே அச்சுழியத்தின் பொருள். சோதிக்கச் சொல்லாதவற்றைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

பாஸ்கல்-பியைப் பெற்றவர் இயக்கும் நிரலைத் தம் கையால் எழுதினார். மூலநிரலை முழுவதும் படிக்கவும் அவரால் இயன்றது. இன்று ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான தொகுப்புகள் இறங்குகின்றன. அவற்றை முழுவதும் படிப்பவர் அரியர். நினைவில் இருந்ததை எழுத்தாக்குவதே கட்டுமானக் கருவிகளின் வரலாறு என்றால், அந்த எழுத்தை வாசிப்பவர் எவர் என்பதே அவ்வரலாறு இன்று எழுப்பும் வினா.