வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பணும்? நெல்லை வீடுகளுக்கு ஒரு விளக்கம்

பாளையங்கோட்டை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை என்று போய்க்கிட்டே இருக்கும். ஃபைபர் கேபிள் போட வருபவர் பெரும்பாலும் தார்சாவிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பின்கட்டில் உட்கார்ந்து ஆன்லைன் இன்டர்வியூவில் பேசும் பிள்ளைக்குப் பாதிப் பதிலிலேயே வீடியோ நின்றுவிடும்.

உடனே என்ன செய்வோம்? ஆன்டெனாக்களை அடுக்களையைப் பார்த்து நீட்டி வைப்போம். அங்கேதான் தப்பு நடக்கிறது.

இது டிவி காலத்துப் பழக்கம். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, தென் மாவட்டங்களில் தட்டட்டி ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி நிகழ்ச்சி பார்த்தவர்கள் உண்டு. மீன் எலும்பு மாதிரி இருக்குமே, அந்த ஆன்டெனா ஒரே திசையைத்தான் பார்க்கும். ரவுட்டரின் குச்சி அப்படியல்ல. அலை அதன் நுனியிலிருந்து பாயாது. பக்கவாட்டில் சுற்றிலும் பரவும். குச்சியில் ஓர் உளுந்த வடையைக் கோர்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். (ஆமவடை வேண்டாம், ஓட்டை முக்கியம்!) வடை விரியும் பக்கமெல்லாம் சிக்னல். நுனி காட்டும் திசையில்தான் மிகக் குறைவு. அடுக்களையை நோக்கி நீட்டினால் அடுக்களைக்குத்தான் நஷ்டம்.

ஒரே தளம் என்றால் எல்லா ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்கட்டும். மச்சிலும் ஆள் இருந்தால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். வடை எழுந்து நின்று மேலேயும் பரவும். அப்போதும் நுனி பக்கத்துச் சுவரைப் பார்க்கணும், பின்கட்டை அல்ல.

'9 டிபிஐ' என்று கடையில் விற்கும் நீள ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் சேர்ப்பதில்லை. வடையைத் தட்டி அகலமாக்குகிறது, அவ்வளவுதான். அதே தளத்தில் தூரம் கூடும், மச்சுக்குக் குறையும்.

உண்மையைச் சொன்னால், ஆன்டெனாவைத் திருப்புவதைவிட ரவுட்டரை இடம் மாற்றுவதில்தான் பலன் அதிகம். பட்டாசலின் நடுப்பகுதியில், ஆளுயரத்தில், இரும்பு பீரோவும் ஃப்ரிட்ஜும் மறைக்காத இடம் நல்லது. கேபிள்காரர் துளை போடும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். தடித்த காரைச் சுவர்களைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸ் அலை திணறும், பின்கட்டில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் எட்டவில்லையா? லேன் கேபிள் ஒன்றைப் பின்கட்டுவரை இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை வைப்பதுதான் வழி.