டி24 டுரியான்

உலு யாமில் இப்போது எல்லாருக்கும் முசாங் கிங் ரக டுரியான்தான் வேண்டும். அது டி197 என்று பதிவானதே 1993இல்தான். டி24 பதிவான ஆண்டு 1937. பால்மரம் வெட்டிய என் தாத்தா லயத்துக்குப் பின்னால் நட்டது அதன் ஒட்டுக்கன்று.

தடித்த வெளிர்மஞ்சள் சுளை, வெண்ணெய்ப் பதம், இனிப்புக்கு அடியில் மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பை விரும்பாதவர்களுக்கு டுரியானே தெரியாது என்பேன்!

பூ இரவில் மலரும். பத்துமலைக் குகை வௌவால்கள் தேன் தேடி வெகுதூரம் பறந்துவந்து மகரந்தம் சேர்ப்பதை 1970களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

பலவீனமும் உண்டு. பட்டை அழுகல் நோய் சுலபமாகத் தாக்கும்; மழைக்காலத்தில் அடிமரம் கசிந்து, மரமே பட்டுப்போகும்.

தோட்டத்தை அழித்து வீடு கட்டுகிறவர்களே, கிழட்டு மரங்களில் முதலில் ஒட்டுக்குச்சி எடுத்துவையுங்கள்.