திவாலானவரின் ஆஸ்தியும் வாரிசுகளும்

கடனைத் தீர்க்க வகையின்றி நீதிமன்றத்தால் திவாலானவர் என்று தீர்மானிக்கப்பட்ட ஒருவர் காலமான பின்பு அவர் விட்டுச்சென்ற ஸ்தாவர ஜங்கம சொத்துகள் எவருக்கு உரியவை என்பதும், வாரிசே முன்பு திவாலானவராயின் அவர் பங்குக்கு வரும் சொத்து யாரைச் சேரும் என்பதும், இந்தியச் சட்டத்தில் பெரும்பாலும் மூன்று தேதிகளைக் கொண்டே நிர்ணயமாகின்றன. திவால் தீர்ப்பின் தேதி, கடன்விடுவிப்பு உத்தரவின் தேதி, மரணத்தின் தேதி என்பவையே அவை.

சென்னையில் ஆர்பத்னாட் கம்பெனி 1906 அக்டோபரில் முறிந்து எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பை அழித்த துயரம் மக்கள் மனத்தை விட்டு அகலாதிருந்த காலத்திலேயே, சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்குரிய 1909-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் பிறந்தது; ஏனைய பிரதேசங்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம் ஏற்பட்டது. இவ்விரண்டையும் நீக்குவதற்கென 2016-இல் புதிய சட்டத் தொகுப்பு இயற்றப்பட்ட போதிலும், தனிமனிதரைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிக் கடன்களுக்கு ஜாமீன் நின்றவர்களைப் பொறுத்த மட்டில் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்ததே தவிர மற்றவர்களுக்கு விரிவாகவில்லை. ஆகவே சிற்றூர்க் கடைக்காரர் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தாரென்றால், இன்றும் அவர் விஷயத்தை ஆளுவது 1920-ஆம் ஆண்டுச் சட்டமே.

அச்சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, தீர்ப்பு வழங்கப்பட்டதும் திவாலானவரின் சொத்து நீதிமன்றத்தையோ ரிசீவரையோ சேர்கிறது. அதன் விளைவு மனுத் தாக்கல் செய்த நாளுக்கே பின்னோக்கிச் செல்கிறது. அதோடு நில்லாமல், கடன்விடுவிப்புக் கிடைக்கும் வரையில் அவர் புதிதாகச் சம்பாதிப்பதும் சுதந்தரமாக அவருக்கு வந்தடைவதும் உடனுக்குடனே அவ்விதமே சேர்ந்துவிடுகின்றன. வாரிசுரிமை மரணம் நிகழ்ந்த கணத்திலேயே பிறப்பதால், தந்தை இறந்த நாளில் விடுவிப்புப் பெறாதிருந்த மகன், பட்டா மாற்றத்தைத் தள்ளிப்போட்டோ, தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தோ அப்பங்கைக் காத்துக்கொள்ள இயலாது. தம்மிடம் இல்லாத பாத்தியதையை அவர் விட்டுக்கொடுப்பது எங்ஙனம்? விடுவிப்புக்கு மறுநாள் தந்தை இறந்திருப்பாராயின் பங்கு முழுவதும் அவருடையதே.

குடும்பங்கள் பெரிதும் இடறுவது விடுவிப்பு உத்தரவு என்னும் இவ்விடத்தில்தான். தீர்ப்புக் கிடைத்ததும் கடன் கொடுத்தோரின் தொந்தரவு ஓய்ந்துவிடுவதால், குறித்த கெடுவுக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்யவேண்டும் என்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். கெடு தவறினால் 43-ஆம் பிரிவுப்படி தீர்ப்பு ரத்தாகக்கூடும். அப்பொழுது சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரையோ, நிபந்தனைகளுடன் கடனாளியையோ சேருமாயினும், பழைய கடன்களும் உயிர்பெறுகின்றன. கால வரம்பைக் கணக்கிடும்போது தீர்ப்புக்கும் ரத்துக்கும் இடைப்பட்ட காலம் கழிக்கப்படுவதால், காலாவதியாயிற்று என்று வாரிசுகள் எண்ணியிருந்த கடனுக்கும் வழக்குத் தொடர இடமுண்டு. தீர்ப்பு ரத்தாகாமலும் விடுவிப்புப் பெறாமலும் ஒருவர் இறந்தாலோ, நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, அவருடைய சொத்தை விற்றுப் பங்கிடும் நடவடிக்கை மரணத்துக்குப் பின்னும் தொடர்கிறது. ஆகையால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கும் சார்பதிவகத்தில் வில்லங்கச் சான்றிதழுக்கும் அலைவதற்கு முன்னரே, திவால் மனு நடந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு, விடுவிப்பு, ரத்து ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைப் பெறுவது தலையாய காரியம் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான அபிப்பிராயம்.

முறைப்படி விடுவிப்புப் பெற்றவர் பின்னர்த் தேடிய சொத்தில் பழைய கடன் கொடுத்தோருக்குப் பொதுவாக உரிமை கிடையாது. அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய கடனும், வஞ்சனையாலோ நம்பிக்கை மோசத்தாலோ ஏற்பட்ட கடனும், நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சப் பொறுப்பும் இதற்கு விலக்கு.

இறந்தவரின் கடனுக்கு மனைவி மக்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கவேண்டும் என்று மிரட்டப்படுவது நம் நாட்டில் நெடுநாளைய கொடுமை. சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, இறந்தவரின் சொத்தில் தம் கைக்கு வந்து, கிரமமாகச் செலவிடப்படாதிருக்கும் அளவுக்கு மட்டுமே வாரிசு பொறுப்பாளி. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் தர்மம் என்ற பழைய கோட்பாடுங்கூடக் கூட்டுக் குடும்பச் சொத்தோடு நின்றது. ஒழுக்கக்கேடான அவியவகாரிகக் கடன்களை அது என்றுமே தழுவவில்லை. 2005 செப்டம்பர் 9-க்குப் பின் வாங்கப்பட்ட கடன்களுக்கு அக்கோட்பாட்டை மட்டும் ஆதாரமாகக் கொண்டு மகன், பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோர் மேல் வழக்குத் தொடுக்க முடியாது. முந்திய கடன்களுக்கு அது இன்னும் பொருந்தும்.

ஜப்திக்கு உட்படாத பொருள்கள் ரிசீவரைச் சேர்வதில்லை. சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் முதலியன இவ்வகையின. தொழிலாளர் சேமநல நிதியில் இருக்கும் தொகை, சந்தாதாரர் இறந்தபின் அவருடைய கடன்கள் எவற்றுக்கும் உட்படாமல் நியமனதாரரை அடைகிறது. பொதுவில், நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி ஏனைய வாரிசுகளை விலக்கும் உடைமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் சர்பதி தேவி வழக்கில் கூறியது. ஆயுள் காப்பீட்டில் மனைவி, மக்கள், பெற்றோர் போன்றோர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர்களே அனுபவ பாத்தியர் என 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிலையை மாற்றிற்று.

நிரூபிக்கப்பட்ட கடன்களும் வட்டியும் செலவுகளும் தீர்ந்தபின் ரிசீவர் வசம் எஞ்சும் தொகை 67-ஆம் பிரிவுப்படி திவாலானவருக்கே உரியது. அவர் இல்லாத நிலையில் அது வாரிசுகளுடையது. நிலத்தின் விலை ஏறியதால் முழுக்கடனும் அடைந்துபோன விவகாரங்களில், ரிசீவரிடம் கணக்குக் கேட்டுப் பெறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.