அரபுத்தமிழும் கணினியும்

அரபு எழுத்தால் எழுதப்படும் தமிழே அரபுத்தமிழ். அர்வி என்றும் சொல்வர். காயல்பட்டினம், கீழக்கரையிலும், மன்னார் வளைகுடாவுக்கு இப்பால் இலங்கையிலும், தமிழ் பேசும் முஸ்லிம்கள் மார்க்க நூல்களை இந்த எழுத்தில் எழுதினர், ஓதினர். கற்பிட்டி, புத்தளம் கரையோரம் அந்தக் கடல்வழி உறவில் வளர்ந்த பகுதி.

அரபியில் ப, ட, ங போன்ற ஒலிகளுக்கு எழுத்து இல்லை. அதற்குப் புள்ளியே வழியானது. அரபு எழுத்தான தாலின் கீழ் ஒரு புள்ளி இட்டால் ட. ஃபாவின் கீழ் இட்டால் ப. ஐனின் கீழ் மூன்று புள்ளி இட்டால் ங. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காலத்து அரபுத்தமிழ் நூல்களுக்குக் கல்லச்சு மிகவும் கைகொடுத்தது. எழுதுபவர் கையால் எழுதியதே கல்லில் படிந்து தாளில் ஏறும் என்பதால் எத்தனை புள்ளி வைத்தாலும் தடையில்லை. ஈய அச்சிலோ புதிய எழுத்து ஒவ்வொன்றுக்கும், சொல்லில் அது நிற்கும் இடத்துக்கேற்பத் தனித்தனி வார்ப்பு வேண்டும்.

கணினியில் அதே சிக்கல் வேறு உருவில் வந்தது: அங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியெண் வேண்டும். இலங்கை அச்சகங்களில் பரவிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இதைத் தீர்க்க, எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தர வந்த யூனிகோடில் (1991) அரபுத்தமிழுக்கான எழுத்துகள் சில இருக்கத்தான் செய்தன, ஆனால் பிற மொழிகளுக்காக. கீழ்ப்புள்ளித் தால் சிந்திக்காகவும், கீழ்ப்புள்ளி ஃபா காக்கசஸ் மலைநாட்டு இங்குஷ் மொழிக்காகவும் குறிக்கப்பட்டவை. நம் ப அங்கிருந்து கிடைத்தது எனக்கு இன்றும் வியப்பே.

விடுபட்டவை 2015 ஜூனில் வெளிவந்த யூனிகோடு 8.0இல் சேர்ந்தன: மூன்று கீழ்ப்புள்ளி ஐன், கீழ்ப்புள்ளி காஃப், எழுத்தின் கீழ் வரும் திருப்பிய ளம்மா என்ற உயிர்க்குறி. கல்லச்சில் ஒரு புள்ளிக்கு ஒரு கணம் போதும். இங்கே கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

குறியெண் கிடைத்தவுடன் வேலை முடிவதில்லை. மேலிருந்து கீழாக ஓடும் மொங்கோலிய மரபெழுத்து 1999இலேயே யூனிகோடில் சேர்ந்தும், ஒரே சொல் வெவ்வேறு மென்பொருளில் வெவ்வேறு வடிவில் தெரிந்து அச்சிடுவோரைப் பல ஆண்டு அலைக்கழித்தது. அரபுத்தமிழுக்கு எழுத்துரு ஓரளவு கிடைக்கிறது; ஷெஹரசாத் நியூ இந்த எழுத்துகளைக் காட்டும். விசைப்பலகைதான் குறை. வழக்கமான அரபு விசைப்பலகையில் இவற்றுக்கு விசை இல்லை. கீமேன் போன்ற மென்பொருளில் தனி அமைப்பு செய்ய வேண்டும். இடமிருந்து வலம் போகும் தமிழ் விளக்கம் அதே வரியில் வந்தால் சொற்கள் இடம் மாறிவிடாமலும் பார்க்க வேண்டும்.

தேடலில் வரும் இடறல் கண்ணுக்கே தெரியாது. ட எழுத ஒருவர் கீழ்ப்புள்ளித் தாலையே அடிப்பார். இன்னொருவர் வெறும் தாலை அடித்து, கீழ்ப்புள்ளியைத் தனியே சேர்ப்பார். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்து. 'வீடு' என்று ஒருவர் தேடினால் மற்றவர் அடித்த நூல் அகப்படாது.