பட்டாசு ஊருக்குப் பக்கத்தில் நரை அணில்... சத்தமில்லாமல் படமெடுப்பது எப்படி?

சிவகாசின்னா பட்டாசு, விருதுநகர்னா புரோட்டா, ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. இந்தப் பட்டியலில் பலரும் சேர்க்க மறந்துபோகிற ஒரு பெயர், நரை அணில். சிவகாசியிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போனால் செண்பகத்தோப்பு. வெடிச்சத்தத்துக்குப் பேர்போன மாவட்டத்தில், சின்னச் சத்தத்துக்கே மறைந்துவிடுகிற இந்த அணிலைத் தேடி கேமராவோடு வருகிறவர்கள் உண்டு. நீங்களும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

யார் இந்த நரை அணில்?

நம் வீட்டு மதிலில் ஓடும் மூன்று கோடு அணிலுக்கு இது பெரியப்பா முறை. மூக்கிலிருந்து வால் நுனிவரை இரண்டு அடிக்கு மேல் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பில் வெள்ளை முடி கலந்திருப்பதால் நரைத்தது மாதிரி தெரியும். தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. அழிவை நெருங்கும் நிலையில் இருக்கும் இனம் என்கிறது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் உருவானது. 2021-ல் அந்தச் சரணாலயமும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது, இந்தியாவின் 51-வது.

இந்த அணில் பெரும்பாலும் தரைக்கு வராது. கிளை கிளையாகத் தாவித்தான் போகும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டால்தான் அதற்குப் பாதை. நடுவில் ஒரு மரத்தை வெட்டினால், நமக்குப் பாலம் இடிந்த மாதிரி. படமெடுக்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

முதலில் அனுமதி!

'கையில கேமராதானே இருக்கு, துப்பாக்கியா இருக்கு?' என்று கேட்க முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 28-வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் நுழைவதற்கும் படமெடுப்பதற்கும் அனுமதி தருகிறவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். 2022-ல் வந்த திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் விலங்குகளுக்குப் பாதிப்பு இல்லாமலும்தான் படமெடுக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறது. எந்த இடம்வரை போகலாம், எப்போது போகலாம் என்பதை உள்ளூர் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடிவாரத் தோப்புகள் தனியார் இடம். அங்கே தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலி தாண்டக் கூடாது.

எங்கே, எப்போது?

காலை வெயில் ஏறுவதற்குள்ளும், சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகும் இது சுறுசுறுப்பாக இருக்கும். உச்சிவெயிலில் ஓய்வு. அதைத் தேடி அலைவதைவிட, அதன் தடயங்களைத் தேடுவது நல்லது. மரத்தடியில் பாதி கடித்த பழம் புதிதாக விழுந்திருக்கிறதா? உச்சிக்கிளையில் இலையும் சுள்ளியுமாகப் பந்து மாதிரி கூடு தெரிகிறதா? விட்டு விட்டு வரும் உரத்த கத்தல் கேட்கிறதா? அங்கே உட்கார்ந்துவிடுங்கள். பழுத்த மரத்துக்கு அது திரும்ப வரும்.

ஆடி அமாவாசை சமயத்தில் சதுரகிரி பக்கம் பக்தர்கள் கூட்டம் அலைமோதும். அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது. முக்கியமான விஷயம், தனியாகப் போகாதீர்கள். இது யானையும் கரடியும் நடமாடும் காடு. அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எதிரே வரும் யானை தெரியாது.

கேமராவில் கவனிக்க...

* 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் இருந்தால் தள்ளி நின்றே எடுக்கலாம்.

* கீழிருந்து மேலே பார்த்து எடுப்பதால் பின்னால் வானம் பளிச்சென்று இருக்கும், அணில் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை கூட்டிப் பாருங்கள்.

* உட்கார்ந்து தின்னும்போது 1/250 நொடி போதும். தாவும்போது 1/1000-க்குக் குறையாமல் வைத்து, ஐ.எஸ்.ஓ-வை ஏற்றிக்கொள்ளுங்கள்.

* பின்னங்கால்களால் கிளையைப் பற்றி, தலைகீழாகத் தொங்கியபடி தின்னும் காட்சிக்காகப் பொறுமையாக இருங்கள்.

* சைலன்ட் ஷட்டர் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் செய்யாதீங்க!

பழம் போட்டுக் கூப்பிடுவது, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது, அசையட்டும் என்று கல் எறிவது, கூடு சரியாகத் தெரிய கிளையை ஒடிப்பது... எல்லாமே தப்பு. ஒடித்த கிளை அதன் பாதையாகக்கூட இருக்கலாம். கூடு இருக்கும் இடத்தை சோஷியல் மீடியாவில் லொகேஷனோடு போடாதீர்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு கிராமமே விட்டுக்கொடுக்கும்போது, நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுக்கலாம்.

வழிகாட்டிகள் இருவர்

1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா.கிருஷ்ணன், நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். விலங்கின் குணம் தெரிந்து எடுத்த படங்கள் அவருடையவை.

இன்னொருவர் ஸ்ரீராம் முரளி. ஆனைமலைக் காட்டின் மின்மினிகளைப் படமெடுத்து, 2023-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் புகைப்படப் போட்டியில் பரிசு வென்றார். தலா 19 நொடி வீதம் 50 எக்ஸ்போஷர்களைச் சேர்த்த படம் அது. வேறு விளக்கு எதுவும் இல்லாமல், பூச்சிகளின் வெளிச்சம் மட்டும்தான்.

வருமானம் வருமா?

படத்தை மட்டும் விற்றுப் பிழைப்பது கஷ்டம். பயிற்சி வகுப்பு, புத்தகம், ஆவணப்படம், ஆய்வு அமைப்புகளுக்கான வேலை என்று பலதையும் சேர்த்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. சிவகாசி அச்சகங்களில் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம், ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாவது வழக்கம். காலண்டருக்குப் படம் கொடுக்க நினைப்பவர்கள் அதற்கு வெகு முன்பே தயாராக வேண்டும்.

ஒரு யோசனை. அணிலின் முகத்தை க்ளோசப்பில் எடுத்தபிறகு, லென்ஸைக் கொஞ்சம் விலக்கி இன்னொரு படமும் எடுங்கள். அது தாவிவந்த கிளை, போகப்போகும் அடுத்த மரம், நடுவில் இருக்கும் இடைவெளி எல்லாம் அதில் தெரியட்டும். தேதியும் குறித்துவையுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று பார்க்கும்போது அந்த மரம் இருக்கிறதா, இல்லையா என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. மரம் காணாமல் போயிருந்தால், வனச்சரக அலுவலகத்தில் போய்ச் சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்!