பதிவேட்டில் ஒரு சொல்



சென்ற மாதம், வெளிநாட்டில் பணிபுரியும் நம் சபைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் தொலைபேசியில் என்னை அழைத்தார். தம் வம்ச வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். குப்பியில் உமிழ்நீர் அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்தாயிற்று. செயற்கை நுண்ணறிவின் துணையோடு வம்ச அட்டவணையும் வரைந்தாயிற்று. பூட்டனாரின் ஞானஸ்நானப் பதிவு மட்டும் கிடைக்கவில்லையாம். சேகரத்தின் பழைய ஏடுகளை இரண்டு நாள் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்து, அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெயர், ஊர், நாள் எல்லாம் சரியாயிருந்தன. 'தகப்பனின் தொழில்' என்ற கட்டத்தில் 'பண்ணையாள்' என்று எழுதியிருந்தது.

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. அவர்கள் குடும்பத்தில் வழிவழியாய்ச் சொல்லப்பட்டு வந்தது வேறு: நிலபுலன்களோடு வாழ்ந்தவர்கள், ஊரில் முதல் மரியாதை பெற்றவர்கள் என்று. பிறகு மெல்லக் கேட்டார்: "ஐயா, அந்தக் கட்டம் தெரியாதபடி படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. அன்றிரவு என் நினைவுக்கு வந்தது அமெரிக்கத் திருச்சபையின் வரலாறு ஒன்று. அதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவில் அடிமைகளாயிருந்தோரின் சந்ததியார் தம் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது, பெரும்பாலும் 1870ஆம் ஆண்டோடு வழி மறிக்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள். விடுதலையடைந்தவர்களின் பெயர்கள் மற்றெல்லாருடைய பெயர்களையும்போல முதன்முதலில் எழுதப்பட்டது அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் எஜமானின் பெயர் இருக்கும். அதன்கீழ் வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பவை இருக்கும். அந்த மனிதரின் பெயர் இராது.

ஆனால் ஒரு கூட்டத்தாருக்கு வேறொரு வாசல் திறந்தது. அது திறந்த விதம் திருச்சபை தலைகுனிய வேண்டிய ஒன்று. மேரிலாந்து மாநிலத்தில் இயேசு சபைக் குருக்களுக்குத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் அடிமைகள் உழைத்தார்கள். அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்களும், திருமணம் செய்துவைத்தவர்களும், அவர்களை அடக்கம் செய்தவர்களும் அந்தக் குருக்களே. 1838இல், கடனில் மூழ்கியிருந்த ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் காக்கும்பொருட்டு, மாகாணத் தலைவர் தாமஸ் மல்லெடி 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். இரண்டு மாதக் குழந்தையும் அந்தப் பட்டியலில் இருந்தது. குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது, அவர்களுடைய ஆராதனைக்குத் தடை வரக் கூடாது என்று ரோமாபுரியிலிருந்து நிபந்தனைகள் வந்திருந்தன. அவை காக்கப்படவில்லை.

இவர்களை விற்றவர்கள் குருக்களாயிருந்தபடியால் ஏடுகள் மிஞ்சின. விற்பனைப் பட்டியலில் பெயரும் வயதும் இருந்தன. திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோர் இருந்தனர். கொர்னேலியஸ் ஹாக்கின்ஸ் என்ற சிறுவன் விற்கப்பட்டபோது அவனுக்கு ஏறக்குறைய 13 வயது. பின்னாளைய சொத்துப் பட்டியல்கள், கணக்கெடுப்புகள், கோயில் ஏடுகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, ஆய்வாளர்கள் அவன் வாழ்நாளைப் பின்தொடர்ந்தார்கள். லூசியானாவில் மாரிங்வின் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவன் கல்லறை இருந்தது. தன்னை விற்றவர்களின் விசுவாசத்தை அவன் கடைசிவரை விடவில்லை. இதை வாசித்த அன்று என்னால் வேறெதையும் வாசிக்க முடியவில்லை.

2017 ஏப்ரல் 18ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் சந்ததியார் முன்னிலையில் பாவ அறிக்கை ஆராதனை நடந்தது. இயேசு சபையார் மன்னிப்புக் கேட்டார்கள். மல்லெடியின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்துக்கு, விற்பனைப் பட்டியலின் முதற்பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் சூட்டப்பட்டது.

இப்போது புதிய கருவிகளுக்கு வருவோம். அவற்றை நான் வெறுக்கவில்லை. பழைய உயில்களுக்கும் பத்திரங்களுக்கும் அட்டவணை தயாரித்தவர்கள் பெரும்பாலும் உடைமைக்காரரின் பெயரை மட்டுமே குறித்தார்கள்; உயிலின் நடுவில், மாடுகளுக்கும் கட்டில்களுக்கும் இடையே எழுதப்பட்ட அடிமையின் பெயர் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. 2024இல் ஃபேமிலிசேர்ச் என்ற அமைப்பு, கையெழுத்து ஆவணங்களைச் செயற்கை நுண்ணறிவால் முழுவதும் வாசித்துத் தேடும் வசதியை வெளியிட்டது. அதன்பின் உயிலின் நடுவில் கிடந்த பெயரையும் தேடிக் கண்டடைய வழி உண்டாயிற்று. இதற்காக நான் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனாலும் நம் ஏட்டின் ஒரு பக்கத்தை இத்தகைய கருவி ஒன்றிடம் கொடுத்துப் பார்த்தேன். மை அரித்து எழுத்தே இல்லாத இடத்தில், அது தயக்கமின்றி ஒரு பெயரை எழுதித் தந்தது. மூல ஏட்டை உங்கள் கண்ணால் பாராமல் எதையும் வம்ச அட்டவணையில் ஏற்றாதிருங்கள்.

மரபணுவின் காரியம் வேறு. அதே மேரிலாந்தில் கட்டாக்டின் என்ற இரும்பு உலையருகே புதைக்கப்பட்டிருந்த 27 ஆப்பிரிக்க வம்சத்தாரின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் அவர்களுக்கு நெருங்கியதும் தூரமானதுமான 41,799 உறவினர் இருப்பதாக 2023இல் அறிவித்தார்கள். இரத்த உறவை எலும்பு சொல்லும்; பெயரைச் சொல்லாது. அதற்கு எவரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்த ஏடு வேண்டும். இன்னொன்று: பரிசோதனைக்கு நீங்கள் கொடுப்பது உங்களுடையது மட்டுமல்ல; அதில் பாதி உங்கள் தாயுடையது, பாதி தகப்பனுடையது, ஏறக்குறைய பாதி உங்கள் உடன்பிறந்தாருடையதும்கூட. அவர்களைக் கேட்டீர்களா? அந்தத் தரவுத்தளத்தை வைத்திருந்த நிறுவனமே 2025இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் சிலர் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடிக் காணாமற்போனதால் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டார்கள் என்று எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் சொல்லுகிறது. ஏட்டில் இல்லாதவரின் வேதனை அவ்வளவு பழையது. ஏட்டில் இருக்கிறவரை நாமே மறைக்கக் கேட்பதை என்னவென்று சொல்வது?

நம் நாட்டிலும் அடிமைத்தனத்துக்குச் சட்டம் தந்த அங்கீகாரம் 1843இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் மாறியபின்பும் பண்ணையாட்களின் கட்டு நெடுங்காலம் அவிழவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்து வேதக்கோயிலுக்கு அழைத்து வந்தார். எழுதியவர் அவர் பெயரை முழுதாக எழுதினார். மகனின் பெயரை அதைவிடச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தை ஓரம் வெட்டாமல் முழுதாகப் படம் எடுத்து அனுப்பினேன். சென்ற ஞாயிறு ஆராதனைக்குப்பின் அவருடைய பாட்டியம்மாளையும் அலுவலறைக்கு அழைத்துவந்து ஏட்டைக் காட்டினேன். அவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்கள். "தெரியும் ஐயா, மாமனார் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் சொல்லவில்லை" என்றார்கள்.

பேரனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.